வழக்குக் கட்டில் எதைக் கேட்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

வாசகர் கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் கடைமடைக் கிராமம் எங்களுடையது. ஒரு கிளை வாய்க்காலை நம்பி சுமார் 60 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. வாய்க்காலை ஒட்டி நிலம் வாங்கிய ஒருவர், கரையோடு சேர்த்து ஒரு பகுதியைத் தூர்த்துவிட்டார். அது தன் பட்டா நிலம் என்று தாசில்தார் மீதும் பஞ்சாயத்து மீதும் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார். நாங்கள் யாரும் அந்த வழக்கில் இல்லை.

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் கோர்ட்டுக்கு மனுப் போட்டு ஐந்து விஷயம் கேட்டேன். பிராது (வழக்கைத் தொடங்கிய மனு) நகல், கோர்ட்டு அனுப்பி வாய்க்காலைப் பார்வையிட்ட கமிஷனரின் அறிக்கை, நீதிபதி எதை வைத்துத் தடை கொடுத்தார் என்ற விளக்கம், சமரச மையத்தில் என்ன பேசினார்கள் என்ற விவரம், அப்புறம் அந்த நபருக்கும் அவர் மனைவிக்கும் நடக்கும் குடும்ப நல வழக்கின் கட்டு. அந்த வழக்கில் ‘இந்த நிலம் என்னுடையது இல்லை’ என்று அவரே சொல்லியிருப்பதாக ஊரில் பேச்சு. ஐந்தையும் மறுத்துவிட்டார்கள். தாசில்தார் ஆபீசில் வாய்க்கால் ஆவணங்களைக் கேட்டதற்கும் ‘வழக்கு நிலுவையில் உள்ளது, தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில். கிடைப்பதை எல்லாம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோருக்கும் தெரியப்படுத்தலாம் என்றிருந்தேன். கோர்ட்டு மக்களுடையது இல்லையா? தகவல் உரிமைச் சட்டம் அங்கே செல்லாதா?

பதில்:

வணக்கம் ஐயா. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்ட ஐந்தும் ஒரே மாதிரியானவை அல்ல. இரண்டு உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை, கேட்ட வழிதான் வேறாக இருந்திருக்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே எழுதப்பட்டு இணையத்தில் இருக்க வாய்ப்புள்ளது. மீதி இரண்டை மறுத்தது சரி. அந்த மறுப்பு உங்களுக்கும் நாளைக்குத் தேவைப்படும் ஒரு பாதுகாப்பு. தாசில்தார் ஆபீஸ் மறுத்தது தப்பு. நான் முதலில் அங்கிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் வாய்க்காலைக் காப்பாற்றப் போகிற காகிதங்கள் கோர்ட்டில் இருப்பதைவிட வருவாய்த் துறையிலும் நீர்வளத் துறையிலும்தான் அதிகம்.

தகவல் உரிமைச் சட்டம், 2005-ன் 8-ம் பிரிவில் எதையெல்லாம் மறுக்கலாம் என்று பட்டியல் இருக்கிறது. கோர்ட்டு தொடர்பாக அதில் இருப்பது 8(1)(பி): ஒரு நீதிமன்றமோ தீர்ப்பாயமோ வெளியிடக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுத்த தகவல், அல்லது வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகக்கூடிய தகவல். அவ்வளவுதான். ‘வழக்கு நிலுவையில் இருக்கிறது’ என்பது அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. உங்கள் முன்சீப் கோர்ட்டு தூர்த்த இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கலாமே ஒழிய, வாய்க்காலின் அ-பதிவேட்டை (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் கிராமப் பதிவேடு) யாருக்கும் காட்டாதே என்று உத்தரவு போட்டிருக்காது. அப்படி ஒரு உத்தரவு இருந்தால் அதன் தேதியைச் சொல்லி மறுக்க வேண்டியது அலுவலரின் பொறுப்பு. ஒரு வரி மறுப்பு செல்லாது. என்ன காரணம், மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்ற மூன்றையும் மறுப்புக் கடிதத்தில் எழுத வேண்டும் என்கிறது 7-ம் பிரிவு. இந்த ‘நிலுவை’ என்ற சொல்லை வைத்து நம் பக்கத்து ஆபீஸ்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வழக்கு நடக்கும்போதுதானே அந்தக் காகிதம் ஒருவருக்குத் தேவைப்படும்!

அதனால் தாசில்தார் ஆபீஸ் மறுப்பின் மீது முதல் மேல்முறையீடு போடுங்கள். கூடவே, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இரண்டு புது மனுக்கள் எழுதுங்கள். தாசில்தாருக்கு எழுதும் மனுவில் அந்த சர்வே எண்ணின் அ-பதிவேடு நகல், புலப்பட (நில அளவை வரைபட) நகல், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டு நகல் மூன்றையும் கேளுங்கள். பட்டாவில் வாய்க்கால் எப்போது, எந்த உத்தரவின்படி நுழைந்தது என்பது பழைய பதிவேட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே மனுவில் இன்னொன்றும் கேளுங்கள்: அரசு மீது வழக்குப் போடுவதற்கு முன் உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம் 80-ம் பிரிவின்படி வர வேண்டிய அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள், எதிருரைக்கான (பிராதுக்கு அரசு தாக்கல் செய்யும் பதிலுக்கான) விவரங்களை அரசு வழக்கறிஞருக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள். எதிருரை தாக்கல் செய்யச் சட்டம் தருவது 30 நாள், நீட்டித்தால் 90 நாள். பொதுச் சொத்து வழக்குகளில் அரசுத் தரப்பு தூங்கிப்போய்த் தோற்பது உண்டு. ஊர் இந்தத் தேதிகளைக் கேட்கிறது என்று தெரிந்தாலே கோப்பு நகர ஆரம்பிக்கும்.

இரண்டாவது மனு நீர்வளத் துறைக்கு. அந்த வாய்க்காலின் பெயர் அவர்கள் பதிவேட்டில் எப்படி இருக்கிறது, ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பு) எவ்வளவு, கடந்த ஆண்டுகளில் மேட்டூர் திறப்புக்கு முன் நடந்த தூர்வாரும் பணியில் அது சேர்க்கப்பட்டதா, எவ்வளவு செலவு என்று கேளுங்கள். பஞ்சாயத்தில் நூறு நாள் வேலையில் அதை வெட்டியிருந்தால் அந்தப் பதிவும் வேண்டும். அரசுப் பணம் செலவழித்துத் தூர்வாரிய வாய்க்காலைத் தன் சொந்த நிலம் என்று ஒருவர் சொல்வதை எந்த நீதிபதியும் எளிதில் ஏற்க மாட்டார்.

சரி, இப்போது கோர்ட்டுக்கு வருவோம்.

தகவல் உரிமைச் சட்டம் கோர்ட்டுக்கும் உண்டு. நிர்வாகப் பக்கத்தில், அதாவது எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை பணியிடம் காலி, என்ன செலவு என்பதை எல்லாம் அந்தச் சட்டத்திலேயே கேட்கலாம். 2019 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குக் கட்டு வேறு. 2020 மார்ச் 4-ல் குஜராத் உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வழக்கில் தாக்கலான பிராது, ஆவணங்கள் எல்லாம் வழக்காடிகளுக்காக நீதிமன்றம் பொறுப்பில் வைத்திருப்பவை, நகல் வேண்டுமென்றால் நீதிமன்ற விதிகளின்படி மனுப் போட்டு வாங்க வேண்டும், தகவல் உரிமை மனு போட்டு அல்ல. அதனால் பிராதுக்கும் கமிஷனர் அறிக்கைக்கும் உங்களுக்கு வந்த மறுப்பு இந்தத் தீர்ப்பின்படி சரிதான். மேல்முறையீடு, தகவல் ஆணையம் என்று அலைந்து ஒரு வருஷத்தை வீணாக்காதீர்கள்.

நம் உரிமையியல் நடைமுறை விதிகளில் வழக்கில் சேராத மூன்றாம் நபரும் நகல் கேட்க வழி இருக்கிறது. எதற்காக வேண்டும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அதோடு நகல் மனுப் போட வேண்டும். நீதிபதி அனுமதித்தால் நகல் பிரிவில் வாங்கிக்கொள்ளலாம். தகவல் உரிமை மனுவில் 6(2) பிரிவின்படி காரணமே சொல்ல வேண்டாம். இங்கே காரணம்தான் முக்கியம். உங்கள் காரணம் வலுவானது: ‘இந்த வாய்க்காலில் பாயும் நிலம் என்னுடையது, சிட்டா இணைத்திருக்கிறேன், வழக்கின் முடிவு என் பாசனத்தைப் பாதிக்கும்.’ அதை நேராக எழுதுங்கள்.

இந்த 2020 தீர்ப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்பதில் தவறில்லை. ஆனால் பிரமாணப் பத்திரம், மனு, வக்கீல், வாய்தா என்று ஆகும்போது, 10 ரூபாயில் முடிய வேண்டியது ஒரு கூலித் தொழிலாளிக்கு எட்டாத செலவாகிவிடுகிறது. பொதுச் சொத்து சம்பந்தப்பட்ட வழக்குகளுக்காவது நகல் விதிகளை எளிமையாக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரைக்கும், உங்கள் ஊரில் அந்த ஆயக்கட்டில் நிலம் உள்ள ஒரு பெண்ணோ, பட்டியல் சாதி, பழங்குடி விவசாயி ஒருவரோ மனுதாரராக வந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 1987-ம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது.

நகலோடு நிற்காமல் வழக்கிலேயே சேர்ந்துவிடுவதுதான் நான் சொல்லும் வழி. உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 10-ன் கீழ் (இனி நான் சொல்லும் கட்டளை, விதி எல்லாம் அந்தச் சட்டத்தில் உள்ளவை) உங்களையும் பிரதிவாதியாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம். ஆயக்கட்டுதாரர் எல்லோர் சார்பாகவும் இரண்டு மூன்று பேர் வர விரும்பினால் விதி 8 இருக்கிறது. சேர்ந்துவிட்டால் நகல் உங்கள் உரிமை, யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். விதி 8-ல் இன்னொரு பலனும் உண்டு. அப்படிப் பலருக்காக நடக்கும் வழக்கில் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் சமரசம் செய்ய முடியாது. அக்கறையுள்ளவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் அனுமதியே தர முடியும். கட்டளை 23 விதி 3-பி அதைச் சொல்கிறது. உங்களுக்குத் தெரியாமல் அறைக்குள் பேசி வாய்க்காலைக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு இதுதான் மருந்து.

நீதிபதி ஏன் தடை கொடுத்தார் என்று கேட்டீர்கள். அதை நீதிபதியிடம் கேட்க முடியாது, 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. நீதிபதி சொல்ல வேண்டிய காரணம் எல்லாம் உத்தரவில் இருக்க வேண்டும்; அதற்கு வெளியே அவர் யாருக்கும் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் அல்ல. உத்தரவு பிடிக்காதவர் மேல்முறையீடு போகலாம். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். தீர்ப்புச் சொன்ன நீதிபதியை ஒவ்வொரு தரப்பும் மனுப் போட்டு விசாரிக்க ஆரம்பித்தால், பலம் உள்ளவருக்கு எதிராக எழுதக் கை வருமா? ஆனால் உத்தரவையே நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தடை என்றால், அதற்கான காரணத்தை உத்தரவில் எழுத வேண்டும் என்பது கட்டளை 39 விதி 3. அப்படிப்பட்ட மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் அதற்கும் காரணம் எழுத வேண்டும் என்பது 3-ஏ. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்கு எதற்காகப் போடப்பட்டது என்று வரும். உத்தரவு பதிவேற்றப்பட்டிருந்தால் இலவசமாகவே படிக்கலாம்.

வாய்தா அன்று நேரில் போய் உட்கார்ந்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது விதி. 1966-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்து, நீதிக்கு அவசியம் என்றால் மட்டும் கதவை மூடலாம் என்றது. செல்போனில் பதிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான். நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் அமைதியாக வந்து உட்கார்ந்தால் இரண்டு பக்க வக்கீல்களும் இன்னும் கவனமாக வாதாடுவார்கள்.

வெளிப்படையாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று நம் டெல்டாவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பைச் சொன்னது. அது மத்திய அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரி 19-ல். ஆறு வருஷம். தீர்ப்பு இருந்தது, அரசிதழில் வராததால் அதைக் காட்டித் தண்ணீர் கேட்க முடியாத நிலைமை. அந்த நடுவர் மன்றம் 1990-ல் அமைந்ததற்குக் காரணமே, நம் விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் நடத்திய வழக்குதான். அந்த வழியில் வந்த நீங்கள் தகவல் கேட்பதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே மூச்சில் நீங்கள் கேட்ட மற்ற இரண்டையும் பாருங்கள்.

சமரச மையத்தில் பேசியது வெளியே வராது, வரவும் கூடாது. ‘இவ்வளவு இடத்தை விட்டுத் தருகிறேன்’ என்று ஒருவர் அங்கே சொன்னதை நாளைக்கு ‘ஒப்புக்கொண்டான்’ என்று காட்டினால், அப்புறம் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? சமரசம் ஆனதா இல்லையா என்பதை மட்டும்தான் சமரசர் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும், உள்ளே நடந்த பேச்சைச் சொல்லக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. சமரசம் முடிந்தால் அதன் நிபந்தனைகள் தீர்ப்பாணையில் வரும். பேச்சு ரகசியம், முடிவு ரகசியம் இல்லை. உங்கள் கவலை முடிவைப் பற்றியதுதானே.

குடும்ப நல வழக்குக் கட்டு பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது கணவன் மனைவி வழக்கு. இந்து திருமணச் சட்டம் 22-ம் பிரிவின்படி அந்த விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும்; அதை அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம், அபராதம் 1,000 ரூபாய் வரை. தொகை சின்னது, ஆனால் அந்தக் கட்டுக்குள் இருப்பது அவர் மட்டும் இல்லை. அவர் மனைவியும் இருக்கிறார். என்ன அடி வாங்கினார், என்ன மருத்துவம் பார்த்தார், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் சண்டை அந்தப் பெண்ணோடு இல்லை. அந்தக் கட்டு உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் அவர் அந்தத் தெருவில் எப்படி நடமாடுவார்? நான் இந்தப் பக்கம் ஜீவனாம்ச வழக்குகள் நடத்துகிறவள். ‘விஷயம் வெளியே வருமாம்மா?’ என்பதுதான் வருகிற பெண்களின் முதல் கேள்வி. ‘வராது’ என்று நான் தைரியமாகச் சொல்ல முடிவதால்தான் அவர்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணே வந்து நின்றாலும் அதே பதிலை நான் சொல்ல முடிய வேண்டும்.

அந்த ஒப்புதல் உண்மையிலேயே இருந்தால் அதைக் கொண்டுவர முறையான வழி இருக்கிறது. கட்டளை 13 விதி 10: வேறு நீதிமன்றத்தில் இருக்கும் ஆவணத்தை வரவழைக்கச் சொல்லி, அது ஏன் இந்த வழக்குக்குத் தேவை என்று பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போடலாம். நீதிபதி அந்தக் கட்டை வரவழைத்து, நிலத்தைப் பற்றிய வரி வழக்குக்குத் தேவையா என்று பார்ப்பார். தேவை என்றால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியத்துக்கு வரும், மீதி மூடியே இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த வரிதானே? நீங்கள் தரப்பினராகச் சேர்ந்த பிறகு இதைச் செய்யுங்கள், அல்லது இப்போதே அரசு வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுங்கள்.

தனிநபர் தகவல் என்ற பெயரில் எல்லாவற்றையும் மறைக்கும் போக்கையும் நான் ஆதரிக்கவில்லை. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கி, ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்பது போல ஆக்கிவிட்டது. பொது நலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வரி போய்விட்டது. இது எனக்குக் கவலை தருகிறது. வாய்க்காலைப் பட்டா போட்டவரின் பெயரைக் கேட்டால்கூட ‘தனிநபர் தகவல்’ என்று பதில் வரலாம். அப்படி வந்தால் 8(2)-ஐக் காட்டுங்கள். காக்கப்படும் நலனைவிடப் பொது நலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்ற அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஒரு ஆவணத்தில் ஒரு பகுதியைத்தான் மறைக்க வேண்டும் என்றால் மீதியைத் தர வேண்டும் என்ற 10-ம் பிரிவும் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் தடை உத்தரவு, அ-பதிவேடு, தூர்வாரிய செலவு, அடுத்த வாய்தா தேதி எல்லாவற்றையும் தாராளமாகப் போடுங்கள். வழக்குப் போட்டவரின் குடும்பம், அவர் பேசியதாக ஊரில் சொல்லும் பேச்சு, நீதிபதியைப் பற்றிய குறை எதுவும் வேண்டாம். கடைசியில் சொன்னது அவமதிப்பு வழக்கில் கொண்டுபோய் விடும். குழுவின் நிர்வாகி நீங்கள் என்றால் மற்றவர்கள் போடுவதையும் கவனியுங்கள்.

உயர்நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால் உங்களுக்குச் சென்னை. தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தால்தான் மதுரைக் கிளை. பக்கத்து ஊர்க்காரர் சொன்னார் என்று மதுரைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.

தாசில்தார் மறுப்பின் மீதான மேல்முறையீட்டுக்கு, கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் படத்தில் தேதி இல்லை. அது வந்த தபால் உறையில் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, உறையைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். உறை இல்லை என்றால் தபால் நிலையத்தில் பதிவு எண்ணைச் சொல்லிப் பட்டுவாடா ஆன தேதியை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டைப் பட்டுவாடா ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.